கேட்டுக்கு வெளியே நான்கடி: வீட்டு முன்புறம், லோங்காங், சாலையோரம் பற்றிச் சுங்கை சிப்புட் தாமான்களில் கேட்கப்படும் கேள்விகள்

பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எல்ஃபில், ஹேவுட், டோவன்பி என்று ரப்பர்த் தோட்டங்களில் நம் பெற்றோர் பால் வெட்டிய காலத்தில், லைன் வீட்டு வாசற்படிக்கு அப்பால் எல்லாம் தோட்டத்துச் சொத்து. சாலை உடைந்தால் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் போய்ச் சொல்வோம். லோங்காங், அதாவது வடிகால், நாறினால் மேஸ்திரியான மண்டோர் ஆள் அனுப்புவார். வாசலைக் கூட்டிக் கோலம் போடுவதோடு நம் வேலை முடிந்தது.

இன்று நம்மில் பலர் தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பேங்கில் கடன் கட்டி வாங்கிய வீடு, கையில் கெரான் எனும் நிலப்பட்டா. ஆனால் கேட்டுக்கு வெளியே உள்ள அந்த நான்கடி இடத்தைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவு வரவில்லை. சிலர் "அது மாஜ்லிஸ் வேலை", அதாவது நகராண்மைக் கழகத்தின் வேலை, என்று திரும்பிப் பார்ப்பதில்லை. சிலர் "என் வீட்டு முன்னால் இருப்பது என்னுடையதுதான்" என்று சிமெண்டு போட்டு மூடிவிடுகிறார்கள். இரண்டாலும் கஷ்டப்படுவது பக்கத்து வீடு. குடியிருப்பாளர் சங்கத்தில் பல ஆண்டு செயலாளராக இருந்தபோது என்னிடம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டத்தின் எண்ணையும் அங்கங்கே தந்திருக்கிறேன். கவுண்டரில் அந்த எண்ணைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

என் நிலம் சரியாக எங்கே முடிகிறது?

கேட் இருக்கும் இடத்தில் முடிகிறது என்று நினைக்காதீர்கள். கெரானோடு இணைத்திருக்கும் வரைபடத்தில்தான் எல்லை இருக்கிறது. தரையில் அதைக் காட்டுவது பத்து செம்படான் எனும் எல்லைக்கல். பழைய தாமான்களில் அந்தக் கல் மண்ணுக்கடியிலோ பூந்தொட்டிக்கு அடியிலோ மறைந்திருக்கும். காணவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பிடுங்குவதும் நகர்த்தி வைப்பதும் குற்றம்.

கல்லுக்கு வெளியே லோங்காங், புல், பிறகு தார். இந்த மூன்றும் பெரும்பாலும் ரிசர்வ் ஜாலான், அதாவது சாலைக்கென ஒதுக்கிய நிலம். "இருபது வருஷமாக நான்தான் புல் வெட்டுகிறேன், வாழை வைத்திருக்கிறேன், இனி அது என்னுடையது இல்லையா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். இல்லை ஐயா. தேசிய நிலச் சட்டத்தின் பிரிவு 48 இதைத் தெளிவாகச் சொல்கிறது: அரசு நிலத்தை எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் உரிமை பிறக்காது. அதே சட்டத்தின் பிரிவு 425, அனுமதியில்லாமல் அரசு நிலத்தையோ ரிசர்வ் நிலத்தையோ ஆக்கிரமிப்பதைக் குற்றமாக்குகிறது. 2016-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கான அபராதத்தின் உச்சவரம்பு 5 லட்சம் ரிங்கிட். வாழைக்கன்று வைத்தவரிடம் யாரும் அந்தத் தொகையைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சுவர் எழுப்பி, கூரை போட்டு, வாடகைக்கு விடும் அளவுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

மூலை வீட்டுக்காரர்கள் கேட்பது வேறு: பக்கத்தில் வெறுமனே கிடக்கும் அரசு நிலத்தில் தோட்டம் போடலாமா? மாவட்ட நில அலுவலகத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், பழக்கத்தில் டிஓஎல், கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்கு மேல் அது செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சாலை ரிசர்வாகக் குறித்த இடத்துக்கும் கிடைக்கும் என்று நம்பி முன்கூட்டியே செலவு செய்துவிடாதீர்கள்.

சாலை உடைந்தால் யாரிடம் போவது?

சாலை யாருடையது என்பதைப் பொறுத்தது. ஈப்போவிலிருந்து நம் ஊர் வழியாகக் கோலகங்சார் போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை எண் 1. அது பொதுப்பணித் துறையான ஜேகேஆரின் பொறுப்பு. தாமானுக்குள் இருக்கும் சாலை, மேம்பாட்டாளர் ஒப்படைத்த பிறகு, கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் ஓடும் செம்மண் சாலை தோட்ட நிறுவனத்தின் தனிச்சொத்து.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு ஒவ்வோர் ஆண்டும் மாநிலங்களுக்கு மானியம் தருகிறது. மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டில் இடம்பெற்ற சாலைகளின் கணக்கில்தான் அந்த மானியம் வரும். பதிவில் இல்லாத சாலைக்குக் காசு வராது, லோரியும் வராது. "நாங்களும் வரி கட்டுகிறோம், எங்கள் சாலையை மட்டும் ஏன் பார்ப்பதில்லை?" என்று புலம்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "எங்கள் சாலை ஒப்படைக்கப்பட்டு மாரிஸில் பதிவாகிவிட்டதா?" என்பதுதான். தனியார் சாலையாகவே இருக்கும்வரை, அதைச் செப்பனிடும் செலவை இருபுறமும் உள்ள மனைக்காரர்களிடம் பங்கிட்டு வாங்கவும் சட்டத்தில் வழி உண்டு.

லோங்காங் மேல் கார் ஏறப் பாலம் போட்டிருக்கிறேன். அது யார் பொறுப்பு?

எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேம்பாட்டாளர் வீடு கட்டும்போது கேட்டுக்கு நேராக ஒரு கார் அகலத்துக்குக் கான்கிரீட் பலகை வைத்துக் கொடுப்பார். பிறகு நாம் இரண்டாவது கார் வாங்குகிறோம். பலகையை அகலப்படுத்துகிறோம். அதோடு நின்றால் பரவாயில்லை. வீட்டு முன்புறம் முழுவதும் லோங்காங்கை மூடி, மேலே டைல்ஸ் ஒட்டி, காலையில் கழுவிவிட வசதியாக்கிக்கொள்கிறோம். பார்க்க அழகாக இருக்கும். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, பிரிவு 46-இன்படி, நகராண்மையின் எழுத்துவழி முன் அனுமதி இல்லாமல் சாலையோரத் திறந்த வடிகாலை மூடுவதும் அடைப்பதும் இடையூறு விளைவிக்கும் குற்றம். முதல் முறை 500 ரிங்கிட் வரை, மறுமுறை 1,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. மூடியதைப் பெயர்த்தெடுக்கும் செலவும் நம் தலையில் வந்து விழலாம்.

அபராதத்தை விட முக்கியமான ஒன்றை எங்கள் தெருவில் நேரில் பார்த்தேன். ஓர் அக்டோபர் மாதம், மாலை மழை தொடர்ந்து கொட்டிய வாரம். நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டுக் கூடத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. அந்த வீட்டு லோங்காங் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரம்மா வாரம் தவறாமல் வழிப்பவர். அவருக்குக் கீழே மூன்றாவது வீட்டில், முழு நீளத்துக்கும் மூடி டைல்ஸ் போட்ட பலகைக்கு அடியில்தான் அடைப்பு. பலகையை ஒரே துண்டாக வார்த்திருந்தார்கள். தூக்க வழியில்லை. உடைக்கும் கருவி கொண்டுவந்து பிளந்தபோது உள்ளே தெரிந்தது கறுத்துப்போய்ச் செங்கல் மாதிரி இறுகிய மண். வீடு புதுப்பித்தபோது குத்தகைக்காரரின் ஆட்கள் மிச்சச் சிமெண்டைக் கழுவி ஊற்றியதில் மண் அப்படி இறுகியிருக்கிறது. அதில் சிக்கி ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஊதுபத்திக் கூடுகள், பாதி மட்கிய தென்னை மட்டை. தண்ணீர் போக ஒரு கையளவு சந்துதான் மிச்சமிருந்தது. நனைந்த மெத்தையை வெயிலில் போட்டுவிட்டு அந்த அம்மா எதுவும் பேசாமல் நின்றார். மூடியவரும் கெட்டவர் இல்லை. தன் பலகைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே வழியில்லாமல் செய்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே பாலம் போடுகிறவர்களிடம் நான் சொல்வது இது. கார் ஏறும் அகலத்துக்கு மட்டும் போடுங்கள். ஒரே துண்டாக வார்க்காதீர்கள். இரண்டு ஆள் கடப்பாரையால் நெம்பித் தூக்கக்கூடிய துண்டுகளாக வையுங்கள், இடையில் ஓர் இரும்புக் கம்பி மூடியாவது இருக்கட்டும். லோங்காங்கின் உள் அகலத்தையும் ஆழத்தையும் குறைக்கவே குறைக்காதீர்கள். டைல்ஸ் வேண்டாம், மழையில் வழுக்கும். நகராண்மையின் பொறியியல் பிரிவில் அளவு கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தத் தாளைக் கெரானோடு சேர்த்து வையுங்கள். நீங்கள் போட்ட பலகை உடைந்து யாராவது விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அப்படியானால் லோங்காங்கைக் கழுவுவது யார்?

திறந்திருக்கும் சாலையோர லோங்காங் நகராண்மையின் வேலை. நீங்கள் மூடிய பகுதிக்கு அடியில் அவர்களின் ஆள் கை வைக்க முடியாது. அதை நீங்கள்தான் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். வீட்டு வளாகத்துக்குள் ஓடும் சிறு வாய்க்கால் முழுக்க உங்களுடையது.

தேங்கிய நீரில் கொசுப் புழு இருந்தால் சட்டம் வேறு, கண்டிப்பும் வேறு. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ்ச் சுகாதார அதிகாரிகள் வீட்டுக்கு வந்து சோதிப்பார்கள். புழு கண்டால் 500 ரிங்கிட் வரை கம்பௌண்ட், அதாவது வழக்கில்லாமல் கட்டித் தீர்க்கும் தண்டம். நீதிமன்றம் வரை போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ. ஏடிஸ் கொசு ஓடும் சாக்கடையை விடத் தெளிந்து நிற்கும் தண்ணீரைத்தான் விரும்பும். பூந்தொட்டித் தட்டு, மாமரத்தடியில் கிடக்கும் பழைய டயர், கேட்டின் இரும்புக் குழாயில் மூடி கழன்ற வாய், இவற்றைப் பாருங்கள். கேட் குழாயை யாரும் நினைப்பதே இல்லை. எங்கள் வரிசையில் ஒரு முறை புழு கண்டுபிடித்தது அங்கேதான்.

காரின் அடிப்பாகம் இடிக்கிறது. தாரோரம் சிமெண்டைச் சரிவாகப் பூசிக்கொள்ளலாமா?

வேண்டாம். சாலையில் விழும் மழைநீர் தாரின் ஓரமாகத்தான் வழிந்து லோங்காங்கில் இறங்குகிறது. அங்கே சிமெண்டு மேட்டைக் கட்டினால் தண்ணீர் நடுச்சாலையில் நிற்கும். தார் உப்பும். பிறகு அங்கே குழி விழும். இரவில் மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து வருகிறவர் அந்த மேட்டில் ஏறிச் சறுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சரிவு வேண்டுமென்றால் உங்கள் எல்லைக்குள்ளேயே தரையை உடைத்துச் சமப்படுத்துங்கள். செலவு கூடும், ஆனால் யாருக்கும் ஊறில்லை.

போர்ச் கூரையை லோங்காங் வரை நீட்டுவதும் அப்படித்தான். கட்டடத்தை நீட்டவோ மாற்றவோ சட்டம் 133-இன் பிரிவு 70-இன்கீழ் அனுமதி வேண்டும். கூரைத் தண்ணீர் சாலையிலோ பக்கத்து வீட்டிலோ கொட்டாமல் பீலி வைத்துக் குழாய் வழியாக லோங்காங்கில் இறக்குங்கள்.

பெரிய சாலையோரம் கடை வைத்திருக்கிறேன். சொந்தச் செலவில் ஒரு நுழைவழி திறந்துகொள்ளலாமா?

செலவு உங்களுடையதாக இருந்தாலும் அனுமதி வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பிரிவு 85-இன்படி, ஒரு சாலையோடு நுழைவழியையோ வடிகாலையோ இணைக்க வரைபடத்தோடு விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். கூட்டரசுச் சாலை என்றால் ஜேகேஆர் மூலமாகப் போக வேண்டும். வேகமாக லோரி ஓடும் சாலையில் கண்ட இடத்தில் வாய் திறந்தால் உயிர்தான் போகும்.

ஊருக்குள் கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடை முன் ஐந்தடி நடைபாதை உங்கள் கெரானுக்குள் இருந்தாலும், அது மக்கள் நடக்க விடப்பட்ட வழி. அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, பூமாலை மேசை எல்லாம் அதை அடைத்தால், சக்கர நாற்காலியில் வருகிறவர் வெயிலில் தாரில் இறங்கித்தான் போக வேண்டியிருக்கும்.

வீட்டு முன் மரம் நடலாமா? ஏற்கெனவே நிற்பதை வெட்டலாமா?

ரிசர்வில் மரம் நடுவதென்றால் நகராண்மையைக் கேளுங்கள். நம் வீட்டு முன் வேம்பு, முருங்கை, கறிவேப்பிலை இல்லாமல் இருக்காது. கறிவேப்பிலையால் தொல்லையில்லை. முருங்கைக் கிளை காற்றுக்கு நிற்காது, கார் மேல் விழும். வேம்பும் மாவும் வளர்ந்தால் வேர் லோங்காங் சுவரைப் பிளந்துவிடும். நடும்போது ஒரு முழம் இருக்கும் கன்று பதினைந்து ஆண்டில் எப்படி நிற்கும் என்று யோசித்து இடம் பாருங்கள். முடிந்தால் எல்லைக்கு உள்ளே தள்ளி வையுங்கள்.

உங்கள் வளாகத்து மரம் சாலைக்கு மேல் சாய்ந்து போக்குவரத்தை மறைத்தால், கிளையை வெட்டச் சொல்லும் அதிகாரம் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் பிரிவு 101-இல் நகராண்மைக்கு உண்டு. அதே சமயம், பெரிய மரத்தை நினைத்தபடி அடியோடு சாய்க்கவும் முடியாது. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, பிரிவு 35எச்-இன்படி, அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட நகராண்மையின் அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்தாக நிற்கும் மரத்துக்கும் விலக்கு உண்டு. அதற்கும் வெட்டுமுன் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மின்கம்பியில் உரசும் கிளையைத் தயவுசெய்து நீங்கள் தொடாதீர்கள். ஈரக் கொம்பும் அலுமினிய ஏணியும் ஆளைக் கொன்றுவிடும். தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து வெட்டுவார்கள்.

பக்கத்து வீட்டு மாமரக் கிளை உங்கள் பக்கம் நீட்டினால் எல்லை வரை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வெட்டிய கிளையும் பழமும் மரத்துக்காரருடையவை. ஆனால் முதலில் வேலியோரம் நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்தில் ஒன்பது பேர் தாங்களே வெட்டிவிட்டு, ஒரு பை மாங்காயும் கொடுத்தனுப்புவார்கள்.

கூட்டிய இலையைச் சாலையோரம் குவித்துக் கொளுத்தும் பழக்கத்தை விட்டுவிடுவோம். சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. அது போக, எதிர்வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை இருக்கலாம்.

என் வீட்டு முன்னால் வேறொருவர் கார் நிறுத்துகிறார். நாற்காலி போட்டு இடம் பிடிக்கலாமா?

தார்ச்சாலை பொது இடம். உங்கள் வீட்டுக்கு நேராக இருப்பதால் அது உங்கள் பார்க்கிங் ஆகாது. நாற்காலி, பூந்தொட்டி, சிமெண்டு ஊற்றிய பெயிண்டு தோம்பு எல்லாம் சட்டம் 133-இன் பிரிவு 46 சொல்லும் இடையூறுதான். ஆனால் உங்கள் கேட்டை மறித்து நிறுத்தினால் கதை வேறு. அது போக்குவரத்து இடையூறு. போலீஸிலோ நகராண்மையிலோ புகார் செய்யலாம். கண்ணாடியைத் தட்டிச் சண்டைக்குப் போவதால் ஒரு பயனும் இல்லை.

கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் சாலையில் பந்தல் போடுகிறோமே?

கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. நகராண்மையில் பெர்மிட்டும் போலீஸ் நிலையத்தில் தகவலும் கொடுத்துவிட்டு, இருபுறமும் உள்ள வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். பந்தல் கால் நிறுத்தத் தாரில் ஆணி அடிக்காதீர்கள், அந்த ஓட்டையில்தான் முதல் குழி தொடங்கும். மணல் மூட்டையோ தண்ணீர் தோம்போ வைத்துக் கட்டலாம். ஒரு பக்கம் பொம்பா எனும் தீயணைப்புத் துறையின் லோரியோ ஆம்புலன்ஸோ நுழையும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

துக்க வீட்டில் பெர்மிட்டைப் பற்றி யாருக்கும் நினைப்பு வராது, வரவும் கூடாது. அதனால்தான் எங்கள் சங்கத்தில் ஒரு ஏற்பாடு செய்தோம். படிவத்தின் பிரதிகளை முன்கூட்டியே வாங்கி ஒரு கோப்பில் வைத்தோம். சாவுச் செய்தி வந்தவுடன் சங்கத்து ஆள் ஒருவர் அதை நிரப்பிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். வீட்டுக்காரர்கள் அழட்டும், தாளை நாம் பார்த்துக்கொள்வோம். மற்றத் தாமான்களும் இப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்.

வீட்டு முன் வேப்பமரத்தடியில் சின்ன மாடம் வைத்திருக்கிறோம். அது?

இதைச் சொல்ல எனக்கும் மனம் கனக்கிறது. தோட்டத்தில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த மரம் ரிசர்வில் நின்றால், சாலை அகலப்படுத்தும் நாளில் மாடமும் அகற்றப்படும். அன்றைக்கு எல்லாருக்கும் வேதனை. உங்கள் எல்லைக்குள், ஈசான்ய மூலையில், உங்கள் பெயரில் உள்ள நிலத்தில் வைத்துக் கும்பிடுங்கள். அங்கே யாரும் கை வைக்க முடியாது. ஏற்கெனவே ரிசர்வில் இருந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் ஒரு நல்ல நாள் பார்த்து முறைப்படி உள்ளே எழுந்தருளச் செய்யுங்கள்.

மணல், செங்கல், உடைத்த ஓடு?

சாலையில் கொட்டாதீர்கள். ஒரு மழையில் பாதி மணல் லோங்காங்கில் இருக்கும். உடைசலுக்குக் குத்தகைக்காரரிடமே ரோரோ எனும் பெரிய குப்பைத் தொட்டியை ஏற்பாடு செய்யச் சொல்லி, அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஜோகூரிலோ கெடாவிலோ நெகிரி செம்பிலானிலோ இருக்கும் உறவினர்கள் குப்பைக்கு வேறு விதி சொல்வார்கள். அந்த மாநிலங்கள் 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 672-இல் சேர்ந்தவை. பேரா அதில் சேரவில்லை. இங்கே குப்பைக்கு நகராண்மைதான்.

தண்ணீர் மீட்டர், கழிவுநீர்த் தொட்டி?

மீட்டருக்கு முன்பு வரை பேரா நீர் வாரியம், மீட்டருக்குப் பிறகு நீங்கள். மீட்டரைச் சிமெண்டில் புதைக்காதீர்கள். கழிவுநீர்க் குழாய் வீட்டிலிருந்து பொதுக்குழாயில் சேரும்வரை வீட்டுக்காரர் பொறுப்பு. பழைய வீடுகளில் தனித்தொட்டி பெரும்பாலும் போர்ச்சுக்கு அடியிலேயே இருக்கும். டைல்ஸ் மாற்றும்போது அதன் மூடியை மறைத்துவிட்டால், தூர்வார வருகிறவர்கள் புதுத் தரையை உடைக்க வேண்டி வரும்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அன்றாடச் சுத்தமும் கொசுவும் குடியிருப்பவர் தலையில். கட்டடம், பாலம், மரம் ஆகியவை உரிமையாளர் தலையில். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

நாங்கள் இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறோம்.

அப்படியானால் வீட்டையும் அதைச் சுற்றிய வடிகாலையும் நல்ல நிலையில் வைப்பது முதலாளியின் கடமை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தர நிர்ணயச் சட்டம், அதாவது சட்டம் 446, அதற்காகவே இருக்கிறது. மனு தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். நகராண்மைக் கவுண்டரில் நின்று நாளை வீணாக்காதீர்கள். ஓய்வுபெற்ற பிறகும் பழைய லைனில் தங்கியிருப்பவர்களின் நிலை சிக்கலானது. அவர்கள் தனித்தனியாகப் போகாமல் ஒன்றாகச் சேர்ந்து ஆலோசனை பெறுவது நல்லது.

தோட்டம் துண்டாடப்பட்டபோது அப்பா வாங்கிய நிலத்துக்குச் சாலையே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் வழியை மூடிவிட்டார்.

1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது பலருக்கு நேர்ந்த கதி இது. வாய்ப்பேச்சில் விட்ட வழி, நிலம் கைமாறியதும் மூடப்படும். தேசிய நிலச் சட்டத்தின் பிரிவு 388 முதல் நில நிர்வாகி மூலம் வழியுரிமை பெறும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. நில அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் விசாரணை நடக்கும், பக்கத்து நிலத்துக்காரருக்கு இழப்பீடும் பேசப்படும். பதிவு செய்துவிட்டால் நிலம் யார் கைக்குப் போனாலும் வழி நிற்கும். வழிவிட்டவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

சாலைக்குழியில் விழுந்தோ மரம் சாய்ந்தோ அடிபட்டால் நஷ்டஈடு கேட்கலாமா?

கேட்கலாம். அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட், இடத்தின் படம், மருத்துவமனைத் தாள், சாட்சியின் பெயர் ஆகியவை வேண்டும். அரசுத் தரப்பின் மீதான வழக்கை, 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, 36 மாதத்துக்குள் தொடுத்துவிட வேண்டும். தாமதித்து வந்த இரண்டு பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப நேர்ந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தக் குழியைப் பற்றியோ சாய்ந்த மரத்தைப் பற்றியோ முன்பே யாராவது எழுத்தில் புகார் கொடுத்திருந்தால் வழக்குக்கு அது பெரிய பலம்.

எப்படிப் புகார் கொடுத்தால் வேலை நடக்கும்?

சாலைக்கு மைஜாலான் என்ற கைப்பேசிச் செயலி இருக்கிறது. 2023-இல் வந்தது. குழியைப் படம் எடுத்து இடத்தோடு அனுப்பலாம், அது உரிய தரப்புக்குப் போய்ச் சேரும். லோங்காங்குக்கும் மரத்துக்கும் நகராண்மையின் புகார்க் கவுண்டர். மதிப்பீட்டு வரி ரசீதை எடுத்துப் போங்கள், உங்கள் வீட்டுக் கணக்கு எண் அதில்தான் இருக்கிறது. பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்டு கடைசியிலும் கட்டும் சுக்காய் பிந்து அது. நில அலுவலகத்தில் கட்டும் சுக்காய் தானா எனும் நில வரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மனுவில் கோபத்தை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். "லோங்காங் ரொம்ப மோசம்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "எண் 14-க்கும் 18-க்கும் இடையில், ஏறத்தாழ இருபது மீட்டர், இடது சுவர் உள்ளே சாய்ந்திருக்கிறது, மழை பெய்து அரைமணியில் தண்ணீர் சாலைக்கு ஏறுகிறது" என்று எழுதினால், மேசையில் இருக்கும் அதிகாரி அதை அப்படியே வேலை உத்தரவில் எழுத முடியும். தேசிய மொழியில் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்கு எழுதித் தர வீட்டில் படிக்கும் பிள்ளை இருக்கும், இல்லையென்றால் சங்கத்துக்கு வாருங்கள். தனி ஆளாக இல்லாமல் அந்த வரிசை வீடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். புகார் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறியுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணோடு மறுபடி போங்கள். மூன்றாவது முறையும் போக வேண்டி வந்தால் நகலோடு கவுன்சிலரைப் பாருங்கள்.